லீடர் ரூம் நம்பர்

அந்த ஊருக்கு விமானக் கம்பெனி சிவப்புக் கட்டம் போட்டிருந்தது. ரோஸ்டர் என்கிற பணிப் பட்டியலில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் கட்டம் இருந்தால் அதற்கென்று தனிச் சட்டம். இறங்கியதும் யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். கழுத்து அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். வேனில் திரையை விலக்கக் கூடாது. ஹோட்டல் வாசலுக்கு வெளியே கால் வைக்கக் கூடாது. இத்தனையும் எழுதிய புண்ணியவான் தலைமை அலுவலகத்தில் ஏழாவது மாடியில் இருந்தார். அவர் அந்த ஊரில் ஒரு ராத்திரிகூடப் படுத்து எழுந்ததில்லை. படுத்து எழுந்திருந்தால் சட்டத்தைக் குறைத்துக் கதவுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் வாங்கிக் கொடுத்திருப்பார்.

அன்றைக்கு விமானத்தில் கேபின் பொறுப்பாக வந்தவளை எல்லோரும் லீடர் என்றார்கள், நேரில் அக்கா என்றார்கள், முதுகுக்குப் பின்னால் தூக்கக்காரி என்றார்கள். இருபத்தோரு வருஷம் பறந்தவள். தூக்கம் என்றால் அவளுக்கு உயிர். கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, காதுக்குப் பஞ்சு, திரைச்சீலை இடுக்கைக் கவ்விப் பிடிக்க இரண்டு துணி கிளிப்பு என்று ஒரு சின்னப் பை எப்போதும் கூடவே வரும். வீட்டிலும் இதே கதைதான். "நீ வந்தா நாங்க எல்லாரும் குசுகுசுன்னுதான் பேசணும், இதுக்கு நீ ஹோட்டல்லயே இருந்திருக்கலாம்" என்று பன்னிரண்டாவது படிக்கும் மகள் ஒரு தடவை முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். லீடர் அதற்குச் சிரித்தாள், பிறகு குளியலறைக்குள் போய் அழுதாள்.

அந்த அழுகைக்கு ஒரு முடிவு கிட்டத்தில் வந்திருந்தது. பயிற்சிப் பள்ளியில் ஓர் ஆசிரியர் இடம் காலியாக இருந்தது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம், சொந்தக் கட்டிலில் சொந்தத் தலையணையில் படுக்கலாம். பட்டியலில் அவள் பெயர் முதலில் இருக்கிறது என்று காதோடு காதாகச் செய்தி வந்துவிட்டது. மாதக் கடைசியில் வெளியிடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை, பெயர் எந்த விசாரணையிலும் மாட்டியிருக்கக் கூடாது. யார் மேல் தப்பு என்பது பேச்சே இல்லை. புகார் கொடுத்தவரும் விசாரணையில் இருப்பவர்தான். வேன் டிரைவர் தோளில் கை வைத்தான் என்று எழுதிக் கொடுத்த ஒருத்தி ஒன்றரை வருஷமாக அதே இடத்தில் நிற்கிறாள். டிரைவர் இன்னும் வேன் ஓட்டுகிறான்.

வேனில் லீடருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது புதுசு. இருபத்திரண்டு வயது, இது மூன்றாவது விமானம், முதல் சிவப்புக் கட்டம். இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு யாருக்கும் பழகவில்லை, ஆகவே புதுசு. அவள் அப்பா தையல்காரர். கம்பெனி கொடுத்த யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, "இது தையலா, கோணிப்பையைக்கூட இதைவிட நல்லா தைப்பாங்க" என்று முழுக்கப் பிரித்து மறுபடி தைத்துக் கொடுத்திருந்தார். அது அவள் உடம்பில் அளவெடுத்தாற்போல் நின்றது.

டிரைவருக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு காவலாள் தூங்கி வழிந்தான். புதுசு அவனைப் பார்த்தாள், மூடின திரையைப் பார்த்தாள், லீடரைப் பார்த்தாள்.

"அக்கா, நான் இன்னைக்கு உங்க ரூம்லயே படுத்துக்கட்டுமா? தரையில படுத்துக்கிறேன். தனியா பயமா இருக்கு."

"பயப்பட என்ன இருக்கு? கதவைப் பூட்டிட்டுப் படு. பக்கத்துல யாராவது மூச்சு விட்டாலே எனக்குத் தூக்கம் வராதும்மா."

"நான் சத்தமே போட மாட்டேன்க்கா."

"மூச்சு விடுவல்ல?" என்றாள் லீடர். அவர்களுக்கு முன் வரிசையில் கேப்டன் சிரித்தார். புதுசும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டியதாயிற்று.

ஹோட்டலில் வழக்கமான சடங்கு நடந்தது. கவுன்ட்டரில் ஒரு தாள் இருக்கும். விமானப் பணியாளர்களான க்ரூ வரிசையாக வந்து பெயர், அறை எண், கையெழுத்து போட வேண்டும். போட்ட தாள் மறுநாள் காலைவரை அங்கேயே மல்லாந்து கிடக்கும், போகிறவன் வருகிறவன் எவன் வேண்டுமானாலும் படிக்கலாம். சிவப்புக் கட்டக்காரருக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை. லீடருக்கு 412. கேப்டனுக்கு ஐந்தாவது மாடி. புதுசுக்கு 306.

சாவி அட்டையை வாங்கியதும் க்ரூவில் எல்லோரும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. அட்டை உறையின் பின்பக்கத்தில் லீடரின் அறை எண்ணைப் பெரிதாக எழுதிக்கொள்வார்கள். அந்த ஊரில் செல்போன் சிம் எடுக்காது, அறைத் தொலைபேசிதான் கதி. தன் அறை எண் மறந்தாலும் லீடர் அறை எண் மறக்கக் கூடாது. லிஃப்டுக்குப் பக்கத்தில் எல்லோரையும் நிற்க வைத்து லீடர் வாய்ப்பாடாகச் சொன்னாள்.

"என்ன ஆனாலும் ரூமை விட்டு வெளிய வராதீங்க. ரிசப்ஷனுக்குப் போன் பண்ணாதீங்க, அங்க இருக்கிறவன் யாருன்னு நமக்குத் தெரியாது. முதல் போன் எனக்கு. நானூத்திப் பன்னெண்டு. எங்க, புதுசு, சொல்லு."

"நானூத்திப் பன்னெண்டு."

"சத்தமா."

"நானூத்திப் பன்னெண்டுக்கா."

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். புதுசு இரண்டு தடவை எழுதி அடிக்கோடும் போட்டாள்.

412 தாழ்வாரத்தின் கடைசி அறை. உள்ளே போனதும் லீடர் வழக்கப்படி குளியலறையைப் பார்த்தாள், அலமாரியைத் திறந்து பார்த்தாள், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பக்கத்து அறைக்குப் போகிற ஓர் உள்கதவு சுவரில் இருந்தது. பெரிய குடும்பங்கள் இரண்டு அறைகளைச் சேர்த்து எடுத்தால் திறந்துவிடும் கதவு. அதன் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. தள்ளிப் பார்த்தாள். அந்தப் பக்கம் தாழ் போட்டிருந்தது, நகரவில்லை. இந்தக் கதவைத் திறக்கவோ மூடவோ இந்த அறையில் இருப்பவளுக்கு வழி இல்லை, அந்த அறையில் இருப்பவனுக்கு மட்டும் உண்டு.

மற்றவர்களுக்கு வேண்டாமென்று சொன்ன ரிசப்ஷனையே கூப்பிடலாம் என்று அவள் ரிசீவருக்குக் கை நீட்டும்போதே மணி அடித்தது.

அவள் பெயரைச் சொல்லி ஒருவன் கூப்பிட்டான். முழுப் பெயர், தாளில் எழுதியிருந்தபடி. அவசரமே இல்லாத குரல். "போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்தீங்க, பேசாம வெச்சுட்டீங்க. இந்தத் தடவை நல்ல ரூமா கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கேன். பக்கத்து ரூம்ல யாரும் இல்ல. நான் வர்றேன்."

லீடர் போனை வைத்துவிட்டாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே ஹோட்டலில் இதே குரல் வந்தபோது எவனோ குடிகாரன் என்று துடைத்துப் போட்டுவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போது அவன் குடிகாரன் இல்லை என்று தெரிந்துவிட்டது. யாருக்கு எந்த அறை என்று தீர்மானிக்கிற அளவுக்கு அவனுக்கு உள்ளே ஆள் இருந்தது, அல்லது அவனே உள் ஆள்.

கீழே போய் வேறு அறை கேட்டாள். ஹோட்டல் நிரம்பிவிட்டது, க்ரூவுக்கு ஒதுக்கிய அறைகளுக்குள் மாற்றிக்கொண்டால் ஆட்சேபணை இல்லை என்றான் கவுன்ட்டரில் இருந்தவன். சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தான்.

அவளுக்கு முன்னால் வழிகள் இருந்தன. இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் கதை பொய்யாகிவிடும். கேப்டனிடம் சொல்லியிருக்கலாம். அவர் உடனே கம்பெனிக்குப் போன் போட்டிருப்பார், எல்லோரையும் வேறு ஹோட்டலுக்கு மாற்றியிருப்பார்கள், ஓய்வு நேரம் கெட்டு மறுநாள் விமானம் தாமதமாகியிருக்கும், விசாரணை வந்திருக்கும், பட்டியலில் அவள் பெயருக்கு மேல் ஒரு கோடு விழுந்திருக்கும். அல்லது எதுவும் சொல்லாமல் புதுசின் அறைக்கே போய், "சரி, இங்கேயே படுக்கிறேன்" என்று ஒரே கட்டிலில் இரண்டு பேரும் படுத்திருக்கலாம். அதற்கு எந்த விசாரணையும் கிடையாது. ஒரு ராத்திரித் தூக்கம் போயிருக்கும், அவ்வளவுதான். அவள் அதை யோசித்தாள். யோசித்துவிட்டு வேண்டாமென்று வைத்தாள்.

சாயங்காலம் ஏழு மணிக்கு 306-இன் கதவைத் தட்டினாள். புதுசு உள்ளிருந்து மூன்று தடவை யார் என்று கேட்டுவிட்டுத்தான் திறந்தது. சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்கிற பிள்ளை.

"உன் ரூம் எப்படிம்மா இருக்கு?"

"சின்னதா இருக்குக்கா. ஆனா பரவாயில்ல, தாழ்ப்பாளு, சங்கிலி எல்லாம் இருக்கு."

"என்னோடது கடைசி ரூம். பெரிய கட்டில், பெரிய ஜன்னல். எனக்கு எதுக்கு அவ்வளவு பெரிசு? வெளிச்சம் வந்தா தூங்க முடியாது. நீ வேணா அங்க போய்ப் படேன். முதல் தடவை வந்திருக்க, நல்லா இருக்கட்டும்."

புதுசின் முகம் மலர்ந்தது. லீடர் ஆகிறவர்கள் நல்ல அறையைத் தங்களுக்குப் பிடுங்கிக்கொள்வார்கள் என்றுதான் அவள் கேள்விப்பட்டிருந்தாள். இருபத்தோரு வருஷ சீனியர் தன் அறையைத் தூக்கிக் கொடுக்கிறாள். "நிஜமாவாக்கா?" என்று கேட்டுக்கொண்டே பெட்டியை மூட ஆரம்பித்துவிட்டது. பெட்டியை லீடரே தூக்கி லிஃப்ட்வரை கொண்டுவந்தாள். அந்தக் கைக்கு அன்றைக்கு அப்படி ஒரு தாராளம்.

"தாள்ல மாத்திடட்டுமாக்கா?"

"நான் பாத்துக்கிறேன், நீ போய் ரெஸ்ட் எடு."

அவள் தாளில் மாற்றவில்லை. மாற்றினால் 306 என்று எழுதியதை அந்தக் குரல்காரனும் படிப்பான். மற்றவர்களுக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் மாற்றினாய் என்று கேப்டன் கேட்பார். ஆகவே அன்றைக்கு ஆறு சாவி உறைகளிலும் லீடர் அறை என்று 412 தான் இருந்தது. அந்த உறைகளில் ஒன்று 412-க்குள்ளேயே மேசை மேல் இருந்தது.

லீடர் 306-இல் தாழ் போட்டாள், சங்கிலி மாட்டினாள், கிளிப்புகளால் திரையைக் கவ்வினாள், காதில் பஞ்சு வைத்தாள். அவளுக்குத் தூக்கம் வராது என்று நீங்கள் நினைத்தால் ஏமாந்து போவீர்கள். படுத்த ஐந்தாவது நிமிஷம் தூங்கிவிட்டாள்.

காலை ஆறு மணிக்கு வேன் வந்தது. எல்லோரும் வந்துவிட்டார்கள், புதுசைக் காணோம். கேப்டன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கவுன்ட்டரில் இருந்தவனிடம் 306-க்குப் போடச் சொன்னார். லீடர் எட்டிப் போய், "இல்ல, நானூத்திப் பன்னெண்டு" என்றாள். கேப்டன் திரும்பிப் பார்த்தார். 412-இல் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கதவை ஹோட்டல் ஆள் மாற்றுச் சாவியால் திறந்தான். அறை கலைந்து கிடந்தது. உள்கதவு அகலமாகத் திறந்திருந்தது, அந்தப் பக்கத்து அறை வெறிச்சென்று இருந்தது. குளியலறை உள்ளே பூட்டியிருந்தது. கேப்டன் தட்டினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார், திறக்கவில்லை. கடைசியில் லீடர், "நான்தாம்மா, அக்கா" என்றதும் தாழ் நகர்ந்தது.

புதுசு தரையில் உட்கார்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது. வலது கை மடியில் கிடந்தது, மூன்று விரல்கள் மூன்று பக்கம் பார்த்தன. அவன் வந்து போய் ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. ஏழு மணி நேரமும் அவள் அங்கேயேதான் இருந்தாள், ரூமை விட்டு வெளியே வரக் கூடாது என்று லீடர் சொல்லியிருந்தாள் அல்லவா.

விசாரணை பன்னிரண்டு நாள் கழித்துத் தலைமை அலுவலகத்தில் வைத்தார்கள். மூன்றாவது மாடியில் ஒரு நீளமான தாழ்வாரம், நான்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் கேன். கீழே வரவேற்பறையில் புதுசின் அப்பா உட்கார்ந்திருந்தார். லீடர் உள்ளே வரும்போது எழுந்து நின்று, "நீங்க கூட இருந்ததாலதான் உசிரோட வந்தா. எப்பவும் அக்கா அக்கான்னு உங்க பேச்சுதான்" என்றார். லீடர் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னாள். நன்றாகவே சொன்னாள், பயணிகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

மேலே புதுசு கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தது. குரல் இன்னும் கரகரத்தது.

"அக்கா, உங்ககிட்ட முதல்ல சொல்லிட்டு உள்ள சொல்லலாம்னு இருந்தேன். போலீஸ்லயும் இங்க எழுதிக் கொடுத்ததுலயும் ஒரு விஷயத்தைச் சொல்லல."

"என்னம்மா?"

"உள்கதவுல சுரண்டுற சத்தம் கேட்டதுமே உங்களுக்குத்தான் பண்ணினேன். உறையில எழுதியிருந்த நம்பரைப் பாத்துப் பாத்து அடிச்சேன். எங்கேஜ்டாவே இருந்துச்சு. அக்கா வீட்டுக்குப் பேசிட்டு இருக்காங்க போலன்னு வெச்சுட்டு வெச்சுட்டு மறுபடி அடிச்சேன். நான் உக்காந்திருக்கிற ரூமே அதுதான்னு மண்டையில ஏறவே இல்லக்கா."

லீடர் தண்ணீர் கேன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அவன் உள்ள வந்து உங்க பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். லைட்டைப் போட்டு என் மூஞ்சியைப் பாத்ததும், 'நீ இல்லையே, அவ எங்க'ன்னான். அப்பதான்க்கா பளிச்சுன்னு ஞாபகம் வந்துச்சு. முந்நூத்தி ஆறு. என் பழைய ரூம்." புதுசு மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எந்த ரூம்னு கேட்டான். தெரியாதுன்னேன். ஒவ்வொரு தடவை கேக்கும்போதும் ஒரு விரல். மூணாவதுக்கு அப்புறம் வெளிய லிஃப்ட் வந்து நின்ன சத்தம் கேட்டுச்சு, போயிட்டான்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமேம்மா" என்றாள் லீடர். அதை அவள் நிஜமாகவே சொன்னாள்.

"எப்படிக்கா சொல்ல? நீங்க காதுல பஞ்சு வெச்சுட்டுத் தூங்குவீங்க. கதவை உடைச்சாலும் கேக்காது."

தாழ்வாரத்துக் கடைசியில் யாரோ நடந்து போனார்கள். புதுசு குரலை இன்னும் தாழ்த்தியது. "உங்க பேர் வந்தா உங்களுக்கு ஏதாவது பிரச்சினை ஆகுமோன்னு எழுதல. அவனுக்கு உங்க பேர் எப்படித் தெரியும்க்கா? முன்னாடி போன் கீன் ஏதாவது பண்ணினானா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? தாள் கவுன்ட்டர்லயே கிடக்குது, எவன் வேணா படிக்கலாம்."

"அதானே" என்றாள் புதுசு. அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. "பன்னெண்டு நாளா ஒரு கெட்ட எண்ணம் வந்துட்டே இருந்துச்சு. தப்பா எடுத்துக்காதீங்க. இதை உள்ள சொல்லட்டுமாக்கா?"

"இப்ப வேண்டாம். எழுத்துல ஒண்ணு, வாயில ஒண்ணுன்னா குழப்புவாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

புதுசு தலையாட்டியது. 'நான் பாத்துக்கிறேன்' என்று இதே வாய் லிஃப்டுக்குப் பக்கத்திலும் சொல்லியிருந்தது. கேட்டவளுக்கு அது உறைக்கவில்லை, சொன்னவளுக்கு உறைத்தது.

விசாரணை அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கோப்பைப் புரட்டுகிறவர். பகல் சாப்பாட்டுக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அன்று ராத்திரி 412-இலிருந்து போன அழைப்புகள் என்று ஹோட்டல் அனுப்பிய பட்டியலை விரலால் தட்டினார்.

"நானூத்திப் பன்னெண்டுல இருந்து நானூத்திப் பன்னெண்டுக்குப் பதினோரு தடவை. ஏம்மா, உன் ரூம்ல இருந்து உன் ரூமுக்கே பதினோரு தடவை போன் பண்ணியிருக்க?"

ஓரத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் சிரிப்பை அடக்கினார்.

"அது லீடர் ரூம் நம்பர் சார். உறையில அப்படித்தான்…"

"லீடர் ரூம் மாறிடுச்சு, உனக்குத் தெரியும். நீதான் அந்த ரூம்ல இருக்க. முந்நூத்தி ஆறுக்குப் பண்ணியிருந்தா ரெண்டு நிமிஷத்துல ஆள் வந்திருக்கும். மேல பறக்கும்போது ஒரு பிரச்சினைன்னா இப்படித்தான் தடுமாறுவியா?" அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் லீடர் பக்கம் திரும்பினார். "தாள்ல ரெண்டு பேர் நம்பரும் பழையபடி இருக்கு. ரூம் மாத்தினது யார் கேட்டு?"

இந்த ஒரு கேள்விதான் அன்றைக்குக் கேள்வி. நான் கேட்டேன் என்றால் அடுத்தது ஏன் என்று வரும். ஏன் என்றால் அந்தக் குரல் வரும். குரல் வந்தால், தெரிந்தே அங்கே இந்தப் பெண்ணைப் படுக்க வைத்தாயா என்று வரும். லீடருக்கு மகள் ஞாபகம் வந்தது. பரீட்சைக்குப் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தாள். மனுஷிக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வருவதெல்லாம் தனக்கு வேண்டியதாகத்தான் இருக்கும்.

"அவதான் கேட்டா சார். பெரிய ரூம், ஜன்னல் ரூம் வேணும்னா. முதல் தடவை வந்திருக்கா, ஆசைப்படுறாளேன்னு விட்டுக் கொடுத்தேன். தாள்ல மாத்தச் சொன்னேன், மறந்துட்டா போல."

தட்டச்சு ஓடியது. புதுசு மெதுவாகத் திரும்பி லீடரைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், கணக்குப் புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு புரிந்துவிட்டது. புரிவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது.

"சார், அவன் அக்கா பேரைச் சொல்லித்தான் உள்ள வந்தான். அக்காவைத்தான் தேடினான். என்னைப் பாத்து நீ இல்லைன்னான்."

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார். "போலீஸ்ல கொடுத்ததுல இது இல்ல. இங்க எழுதிக் கொடுத்ததுலயும் இல்ல. இப்ப எங்க இருந்து வந்துச்சு?"

"அக்காகிட்ட கேட்டுட்டுச் சொல்லலாம்னு… வெளிய இப்பதான் சொன்னேன் சார். கேட்டுப் பாருங்க."

அதிகாரி லீடரைக் கேட்டார். "சொன்னாளா?"

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. "இல்ல சார். பாவம், ரொம்ப பயந்து போயிருக்கா. எதை எதையோ சேத்துக்கிறா. அவளைக் குத்தம் சொல்லாதீங்க."

கடைசியாகச் சொன்ன அந்தக் கருணை வார்த்தைதான் காரியத்தை முடித்தது. அதிகாரி பெருமூச்சு விட்டு, "நீங்க நல்லவங்களா இருக்கலாம், நான் அப்படி இருக்க முடியாது" என்றார். பயிற்சிக் காலம் முடியாதவள், ஆகவே விளக்கம் கேட்கும் சம்பிரதாயம்கூட வேண்டியதில்லை. நெருக்கடியில் நிதானம் இழக்கிறாள், பறக்கும் பணிக்குத் தகுதியில்லை என்று இரண்டு வரி. யூனிஃபார்மை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். புதுசு இடது கையால் கையெழுத்துப் போட்டாள், அது யாருடைய கையெழுத்துப் போலவோ இருந்தது. லீடர் சாட்சியாகப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் எழுந்தபோது அதிகாரி குரலைத் தாழ்த்தி, "இந்த ஃபைல் மூடியாச்சு, நீங்க இதுல வெறும் சாட்சிதான். திங்கட்கிழமை பயிற்சிப் பள்ளி லிஸ்ட் வருது" என்றார்.

லிஃப்டில் சேர்ந்து போக லீடருக்குத் தெம்பில்லை. படிக்கட்டுப் பக்கம் போனாள். புதுசும் படிக்கட்டுக்குத்தான் வந்திருந்தாள். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இருவரும் நேருக்கு நேர் நிற்க வேண்டியதாயிற்று. கீழே வரவேற்பறையில் அப்பா இருமுவது கேட்டது.

லீடர் மனசுக்குள் பத்து வார்த்தை தயார் செய்து வைத்திருந்தாள். என் நிலைமை உனக்குப் புரியாது, எனக்கும் பெண் இருக்கிறாள், உனக்கு வயசிருக்கிறது, வேறு கம்பெனியில் நான் சொல்லி வைக்கிறேன். இப்படி. புதுசு திட்டினால் அதையெல்லாம் சொல்லலாம் என்று காத்திருந்தாள். அவள் திட்டவில்லை.

"அக்கா, ஒண்ணு மட்டும் கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"அன்னைக்கு ராத்திரி தூங்கினீங்களா?"

இதற்கும் பொய் கையிலிருந்தது. கண்ணே மூடவில்லை என்று சொல்லியிருக்கலாம், உன் ஞாபகமாகவே இருந்தது என்று சொல்லியிருக்கலாம். இருபத்தோரு வருஷத்துச் சிரிப்பும் பேச்சும் எங்கே போயிற்றோ, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் லீடருக்குப் பொய் வரவில்லை.

"தூங்கினேன்" என்றாள்.

"நல்லாவா?"

"நல்லா."

புதுசு தலையாட்டினாள். கைப்பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, அப்பா உட்கார்ந்திருந்த இடத்துக்கு இறங்கிப் போனாள்.